வலையில் குண்டு

“குண்டுன்னுதானே மச்சான் சொன்னேன்?”

“சொன்னே மாப்ளே, நான்தான்… சரி, ஈரச்சாக்கு போட்டு மூடிட்டியா?”

“மூடியாச்சு. எஞ்சினையும் அணைச்சாச்சு. ஆளுங்க எல்லாம் முன்பக்கம் ஒண்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

துறைமுக வயர்லெஸ் அறையில் அவர் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்தில், தங்கை புருஷனின் படகு தீப்பெட்டி போல அசைந்தது. எப்போதோ நடந்த போர் கடலில் விட்டுப்போன குண்டு அதன் தளத்தில், மீன்களுக்கு நடுவே படுத்திருந்தது. அதைச் செயலிழக்கச் செய்கிறவர்கள் இப்போதுதான் கரையை விட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

காலையில் மாப்பிள்ளை, “வலையில குண்டு சிக்கியிருக்கு, என்ன பண்ணட்டும்?” என்று கேட்டபோது இவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலையின் அடியில் கோத்த ஈயக்குண்டுகள் முடிச்சாகிச் சிக்கிக்கொள்வது அன்றாட சங்கதி.

“உன்னைவிடவா குண்டு? இழுத்துப் போட்டுட்டு வாய்யா.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் வைத்தார். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் இழுத்துவிட்டான்.

சந்தேகமான இரும்பு எதையும் படகில் ஏற்றாதீர்கள், வலையை அறுத்துவிட்டு விலகுங்கள், உடனே எங்களிடம் சொல்லுங்கள் என்று மீனவர் கூட்டந்தோறும் மைக் பிடித்துப் பேசுகிறவர் இவர்தான். மேடையில் ‘வெடிபொருள்’ என்பார். கடலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சற்றுமுன் அந்தக் குழுவின் அதிகாரி கிளம்பும்போது, “யார் சார் அதை ஏத்தச் சொன்னது?” என்று கேட்டார்.

“இவங்க எங்க சார் சொன்னா கேக்கிறாங்க?”

அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. இப்போது நாக்கில் துருவாகக் கசந்தது.

“மச்சான்,” என்றது ஸ்பீக்கர். “ஒரு விஷயம். இழுக்கச் சொன்னது நீங்கன்னு உங்க தங்கச்சிக்குத் தெரிய வேணாம். அப்புறம் உங்க வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டா. நானா ஏத்தினேன்னு சொல்லிக்கிறேன்.”

குரல் அறை முழுக்க நிறைந்தது. யாரோ மூச்சிழுப்பது கேட்டுத் திரும்பினார். ஏலக்கூடத்திலிருந்து ஓடி வந்த தங்கை, கையில் மீன் செதில் காயாமல், கதவருகே நின்றிருந்தாள். அவர் மைக்கின் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, காலையில அவர்கிட்ட என்ன சொன்னியோ, அதை என் மூஞ்சியைப் பார்த்து ஒருதரம் சொல்லு.”