காணாமல் போன ‘டொ’

டிரினிடாடும் எங்கள் டொபேகோவும் சேர்ந்து ஒரே நாடு. இரண்டு தீவுக்காரர்களுக்கும் சேர்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர், டிரின்பேகோனியன். டிரினிடாட்காரர்களுக்கு ‘டிரினி’ என்று தனிப் பெயரே உண்டு; இதிலும் டிரினிடாட் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். டொபேகோவுக்கு மட்டும் ‘டொ’வை வெட்டிவிட்டு முண்டத்தை ஒட்டவைத்திருந்தார்கள்.

அந்த வருடம் சுதந்திர தினத்தை ஒட்டி டிரினிடாடில் இருக்கும் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ‘மக்கள் பெயர் மறு ஆய்வுக் குழு’ என்று ஒன்றை அமைத்து, எங்கள் ஊரிலிருந்தும் ஓர் ஆள் கேட்டார்கள். ஊரார் பாதிரியாரைச் சொன்னார்கள். ஆன்செல் தன் பால்ய சிநேகிதன் அல்ரிக்கைச் சொன்னான். ஆன்செல் பந்தய ஆடு பழக்குகிறவன். அவன் கைகாட்டிய ஆடு தோற்றதில்லை என்பதால் அவன் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது.

“அல்ரிக் போனா ‘டொ’ தானா திரும்பி வரும். வரலேன்னா இனி என் பேச்ச ஒருத்தரும் நம்ப வேணாம்” என்று வீடு வீடாகச் சொன்னான். அல்ரிக் கோட்டு மாட்டிக்கொண்டு கப்பலேறினான்.

விழாவன்று ஆன்செலின் மனைவி மெர்ல் நடத்தும் நண்டுக் கடையில், டிவி முன்னால் ஊரே கூடியது. மேடையில் அல்ரிக் தொண்டையைக் கனைத்தான். குழு ஆழ்ந்து ஆராய்ந்ததில், பெயர் இருக்கிறபடியே இருப்பதுதான் அழகு என்று தெரியவந்ததாம்.

“எழுத்துல என்னங்க இருக்கு? வெளிநாட்டுக்காரன் கேட்டா ஒரே பதில்தான். நாம எல்லாரும் டிரினிங்க.”

அங்கே பலத்த கைதட்டல்.

“‘டொ’வ வாங்கிட்டு வாடான்னா, மிச்சமிருந்த ‘பேகோ’வையும் குடுத்துட்டானே உன் ஆளு” என்றாள் மெர்ல்.

“ஆட்டப் பாத்தா பல்லப் பாப்பே. ஆளுக்குப் பாக்கலியே ஆன்செலு” என்றார் மீன்காரர் மோசஸ்.

அடுத்த வெள்ளிக்கிழமை அல்ரிக் கடைக்கு வந்தான்.

“மச்சான், வழக்கம்போல நண்டும் டம்ப்ளிங்கும். செம பசி.”

ஆன்செல் எழுந்து மேசையைத் துடைத்தான். சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் எடுக்கும் படம்போட்ட அட்டையை இரண்டு கையாலும் நீட்டினான்.

“வாங்க சார், டொபேகோவுக்கு நல்வரவு. காரம் கம்மியாப் போடச் சொல்லட்டுமா? எத்தன நாள் தங்கறீங்க?”

அட்டையைப் புரட்டியபடியே அல்ரிக் சொன்னான்: “ஞாயித்துக்கிழம கெளம்பணும்ப்பா. அங்கியே எனக்கு ஒரு பதவி போட்டுக் குடுத்திருக்காங்க.”

ஆன்செல் உள்ளே போய், காரத்தைக் குறைக்கச் சொன்னான்.