மூன்றாவது போர்டும் போனது

"கரண்டுதான் அண்ணி, ஏறி ஏறி இறங்குது, அதுல—"

"போன தடவையும் கரண்டுன்னுதான் சொன்ன! அதுக்குத்தானே ஸ்டெபிலைசரைக் கொண்டாந்து மாட்டின—"

"கொஞ்சம் பேச விடுங்க—"

"நீ சந்தையில வாங்குற போர்டுதான் சொத்தை!"

கொழுந்தன் கானிபெக் ஸ்டூலில் நின்று, சமையலறை அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரின் மூடியைக் கழற்றினான். ஒரின்குல் கீழே இடுப்பில் கைவைத்து நின்றாள். வெளியே கஜகஸ்தானின் தராஸ் நகரம் பனிக்குள் முழுகிக் கிடந்தது. பாய்லர் இப்படியே கிடந்தால் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். அதை இயக்கும் மின்சுற்று போர்டு கருகுவது இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது முறை.

அவன் மீட்டர் வைத்துப் பார்த்தான். மின்னழுத்தம் காட்டிய எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சரி. கரண்டு மேல தப்பு இல்ல."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே, மகராசா."

கருகிய போர்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனவன், விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். வழுக்கியது.

"நேத்து எண்ணெயில சுட்ட ஷெல்பெக் ரொட்டியைத் தின்ன கையோட தொட்டிருப்ப. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்குறேன், சட்டையிலதான் துடைப்ப."

"சோப்பு போட்டுக் கழுவினேன் அண்ணி." மோந்து பார்த்தான். போர்டை அவளிடம் நீட்டினான்.

தீய்ந்த நெடி. அதற்கு அடியில், மெல்ல, வெள்ளிக்கிழமை.

அந்த வாசனையில் அறை கரைந்தது. வெள்ளிதோறும் இறந்தவர்களுக்காக எண்ணெய் காயவைத்து ரொட்டி சுடும்போது, விளக்கடியில் புகை நீலமாய்த் திரளும். அதற்குள் அவள் கணவர் தொலெகென் வருவார். போன இலையுதிர்காலத்தில் மண்ணுக்குள் போன மனிதர், கோட்டைத் தோளில் போட்டபடி, தான் மாட்டிய பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். பேசமாட்டார். தேநீரை ஊதும் சத்தம் மட்டும் கேட்கும். அவருக்கு எப்போதும் குளிர்தான்.

"போர்டு எப்ப எப்ப போச்சு அண்ணி?"

"எப்பவும்..." அவள் விரல்விட்டு எண்ணினாள். "சனிக்கிழமை காலையிலதான்."

"ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு அடைச்சிருக்கீங்க. எண்ணெய்ப் புகை எங்க போகும்? நெருப்பு எரிய பாய்லர் இந்த ரூம் காத்தைத்தான் உறிஞ்சுது. புகை போர்டு மேல பிசுக்காப் படியுது. பிசுக்குல தூசி, தூசியில ஈரம். கரண்டு அது வழியாக் குறுக்க பாய்ஞ்சு பொசுக்கிடுது."

"அப்ப, அவருக்குச் சுட்ட ரொட்டிதான் அவர் மாட்டின பாய்லரைக் கொல்லுதுங்கிற."

"அண்ணனுக்கு அகோரப் பசி போல. போர்டையும் சேர்த்துத் தின்னுட்டுப் போறாரு."

கைத்துண்டால் அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது.

அவன் உட்புறமெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புது போர்டை மாட்டினான். பாய்லர் ஒருமுறை இருமி, முனகத் தொடங்கியது. குழாய்களுக்குள் எங்கோ தூரத்தில் வெதுவெதுப்பு நடந்துவந்தது.

"பாய்லரை இடம் மாத்தணும்னா புகைக்குழாயைப் பிடுங்கணும், இந்தப் பனியில முடியாது. நீங்கதான் மாறணும். வெள்ளிக்கிழமை ரொட்டியை முற்றத்துச் சமையக்கட்டுல சுடுங்க அண்ணி. இங்க சுட்டா இதுவும் போயிடும்."

ஒரின்குல் ஜன்னலில் படிந்த மூச்சைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முற்றத்தின் கோடியில், கோடையில் மட்டும் திறக்கும் அந்தச் சின்னச் சமையற்கட்டின் கதவு பாதிவரை பனியில் புதைந்திருந்தது. அதுவரைக்கும் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"அங்க வந்து உட்கார்ந்தா அவருக்குக் குளிராதா, கானிபெக்?"