கிரேயான் பெட்டிக்கு வைத்த சீல்

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவர் வேலை. அந்தப் புத்தி என்ன, செருப்போடு வாசலில் கழன்றுவிடுமா? ஐந்து வயது மகளை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானதும், ஓவியத்துக்கு மட்டும் பதினோரு பாடத்திட்டங்களை வரவழைத்தார். எது நல்லது என்று தெரிவதற்குள் அவள் கண்டபடி வரைந்து பழகிவிட்டால்? கிரேயான் பெட்டிக்கு அரக்கு சீல் வைத்தார்.

“குழந்தை கையைக் கட்டிப் போட்டுட்டு என்னங்க ஓவியம்?” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“சோதிக்காத லிஃப்ட்ல நீ ஏறுவியா?” என்று அவள் வாயை அடைத்தார்.

நான்கு மாதம் சுவர் முழுக்கக் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் மதிப்பெண் எழுதினார். மகள் பக்கத்திலேயே நின்று ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாக ஒன்று தேறியது. சீலை உடைத்தார். முதல் பாடம்: உனக்குப் பிடித்த வீட்டை வரை.

மகள் ஸ்கேல் வைத்து, பதினோரு கட்டம் போட்டுவிட்டு எழுந்தாள்.

“வீடு எங்கடா கண்ணு?”

“எந்த வீடு நல்ல வீடுன்னு இன்னும் சோதிக்கலப்பா. நாலு மாசம் கழிச்சு வா.”

பெட்டியை மூடி, அரக்குக்குக் கை நீட்டினாள்.