கைப்பிடியைத் தொட்டால் அடங்கும் விளக்கு

விளக்குகளின் துடிப்பு நின்றதுமே நான் பயந்திருக்க வேண்டும். சிரித்தேன்.

அக்கா வீட்டு முகப்பில் அலங்காரச் சரம், மொத்தம் நானூறு பிக்சல் குண்டு பல்புகள். ஒவ்வொரு குண்டுக்குள்ளும் ஒரு சின்ன சிப். வாசலில் இருக்கும் கன்ட்ரோலர் அனுப்பும் கட்டளையில் முதல் குண்டு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். இப்படியே கை மாறி நானூறாவது வரை போக வேண்டும். வாசலில் தொடங்கி, வெளிப்படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியோடு ஏறி, மாடி வராந்தாவில் முடிகிறது சரம். எதிர்வீட்டுக்காரர் நூறு போட்டார் என்பதற்காக அத்தான் நானூறு வாங்கினார். வேறு காரணம் கிடையாது.

இருநூற்றைம்பதுக்கு மேல் எல்லாம் வலிப்பு வந்ததுபோல் துடித்தன. பச்சை கேட்டால் பாதி வெள்ளையாக வரும், பாதி அணையும். மூன்று நாளாக மல்லுக்கட்டினேன். ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு ஆறு வாரமாக அங்கேதான் தங்கியிருந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. சந்தேகப்பட்ட குண்டுகளை வெட்டிவிட்டு வேறு வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். டேட்டா வயரைச் சுருக்கினேன். மீட்டரில் தொடக்கத்தில் ஐந்து வோல்ட், கடைசியில் மூன்றரை. தூரம் போகப் போக மின்சாரம் இளைத்துவிடுகிறது. மேல் முனையில் இன்னொரு பவர் சப்ளை வைத்தால் சரியாகும் என்றேன். அத்தான் நேற்று வைத்தார். செங்கல் அளவு உலோகப் பெட்டி. கைப்பிடியிலேயே இறுக்கிக் கட்டியிருந்தார். துடிப்பு குறையவில்லை, கூடியது.

இன்று மதியம் மழை. பொழுது சாயும் நேரத்தில் மாடி வராந்தாவில் காயும் துணியை எடுக்க அக்கா ஏறினாள். எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்தாள். அத்தனை குண்டும் அடங்கி ஒரே பச்சையாக நின்றன.

"அக்கா, கைய எடு."

எடுத்தாள். துடித்தன.

"வை."

அடங்கின.

"பாத்தியா மச்சான், உங்கக்கா கை பட்டா எல்லாம் அடங்கிடும். இருபது வருஷமா நான் அடங்கலையா?" என்றார் அத்தான், வாசலில் நின்றபடி.

"அடங்கின லட்சணம்தான் தெரியுதே, நானூறு வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள் அக்கா.

"அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுக்கா. கீழ ஒண்ணு பாத்துக்கறேன்." இதைச் சொன்னவன் நான்தான்.

குனிந்து கன்ட்ரோலர் மூடியைத் திறந்தேன். மேலிருந்து அக்கா சொன்னாள்: "டேய், கை குறுகுறுங்குது."

"மரத்துப் போயிருக்கும்" என்றார் அத்தான்.

"இல்லங்க, எறும்பு ஊர்ற மாதிரி. செருப்பு வேற வழுக்குது. இருங்க, கழட்டிட்டு நிக்கிறேன்."

என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

மேல் சப்ளையின் பிளக்கில் மூன்று கால். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு ஓட்டை. எர்த் கால் இடைஞ்சல் என்று சாப்பாட்டு மேசையில் வைத்து அதைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியவன் நான். ஐந்து வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்று அத்தானிடம் சொன்னவனும் நான். பெட்டியிலிருந்து வெளியே வருவதுதான் ஐந்து. உள்ளே போவது சுவரில் இருக்கும் முழு மின்சாரம். அது பெட்டியின் உடம்பில் ஏறிவிட்டால் இறங்கிப் போக வைத்திருந்த வழி அந்தக் கால். அது இல்லாததால் பெட்டியிலிருந்து கைப்பிடிக்கு வந்து, ஒட்டிப்போகும் டேட்டா வயரைக் குழப்பிக்கொண்டு நின்றது. அக்கா தொட்டதும் அதில் கொஞ்சம் அவள் உடம்புக்குள் இறங்கியது, வயரில் குழப்பம் நின்றது. மீதியைத் தடுத்துக்கொண்டிருந்தது செருப்பின் அரை அங்குல ரப்பர்.

அவளுடைய இடது கால் செருப்பை விட்டு வெளியே வந்திருந்தது. பாதம் ஈரப் படிக்கு ஒரு சாண் மேலே.

"கால வைக்காத. கைய எடு."

"எந்த கைய?"

"கைப்பிடிய விடுக்கா."

விட்டாள். துடிப்பு மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை சிவப்பாக.

"அத்தான், மெயின அணைங்க."

என் முகத்தைப் பார்த்தவர் கேள்வி கேட்காமல் உள்ளே ஓடினார். வாசல் பல்பு போனது. வீடு இருண்டது. கீழ் சப்ளையில் ஓடும் இருநூற்றைம்பது குண்டுகளும் அணைந்தன. மேல் சப்ளையில் ஓடும் நூற்றைம்பது அணையவில்லை. கட்டளை வராததால் கடைசியாக எந்த நிறத்தில் இருந்தனவோ அதிலேயே, சிவப்பாக, அசையாமல் நின்றன.

"அணைச்சாச்சு, இனி பயமில்ல" என்று உள்ளிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"இருட்டுல எப்படிடா எறங்கறது?" அக்காவின் கை அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கைப்பிடியைத் தேடி நீண்டது. அவள் இரண்டு செருப்பையும் விட்டிருந்தாள்.

"உக்காரு."

அவளிடம் நான் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"கைய மடியில வெச்சுக்கோ. எதையும் தொடாத."

அத்தான் வெளியே வந்து சிவப்பைப் பார்த்தார். "மேல எந்த லைன்ல போட்டீங்க?" என்றேன்.

"நர்ஸம்மா வராந்தா பிளக்குல. அவங்கதான் போட்டுக்கச் சொன்னாங்க."

மாடியில் குடியிருக்கும் நர்ஸுக்குத் தனி மீட்டர். மெயின் அவர் அறைக்குள். அவர் ஆஸ்பத்திரியில், அறையில் பூட்டு. நாங்கள் அணைத்தது வெளிச்சத்தை மட்டும்தான்.

ஷூவோடு ஏறினேன். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கைப்பிடி, நடுவில் ஓர் ஆளுக்குத்தான் இடம். தடுக்கினால் கை தானாகக் கைப்பிடிக்குத்தான் போகும். அதனால் வலது கையை இடுப்பு பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டேன். எட்டாவது படியில் அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செத்திருப்பேனாடா?"

"குனிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, சுவரில் இடது கையை ஊன்றி அவள் தலைக்கு மேலாகக் காலைத் தூக்கி வைத்தேன். ஷூ ஈரத்தில் ஒரு விரல் அளவு வழுக்கி நின்றது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். நானும்தான்.

வராந்தாவில் சுவிட்சை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். சிவப்பு போனது. சட்டைப்பையில் எரியவிட்ட போன் வெளிச்சத்தில் சப்ளைப் பெட்டியைப் பார்த்தேன். பிளக்கிலிருந்து பெட்டிக்கு வரும் வயரில் தோலை நீளமாக உரித்து முறுக்கியிருந்தார் அத்தான். ஒரே ஓர் இழை பிரிந்து பெட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது, எறங்கலாம்" என்றேன். "கைப்பிடிய பிடிச்சுக்கிட்டே எறங்குக்கா. இப்ப ஒண்ணும் இல்ல."

"இவரும் அப்படித்தான் சொன்னாரு. நீ பிடி முதல்ல."



பிளக் என் இடது கையில் இருந்தது. வயர் தரையில் கிடந்தது. மின்சாரம் வர எந்த வழியும் இல்லை என்று தெரியும். அப்படியும் வலது கை பெல்ட்டை விட்டு வர நேரம் எடுத்தது. வந்த பிறகும் பாதியில் நின்றது. அக்கா திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல்களை மடக்கி, புறங்கையால் தொட்டேன். மழைத்தண்ணீர் ஜில்லென்று பட்டது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன், அவள் எழுந்திருக்கும் வரை.