ஆலை பெயிண்டுக்கு மெழுகு எதற்கு?

வண்டிக்கு மெழுகு தேய்க்கிறவனை வெர்ன் நோவிக்கி ஒரு மனுஷனாகவே மதித்ததில்லை. மிச்சிகனில் ஃபிளின்ட் பக்கத்துக் கார் ஆலையில் முப்பது வருஷம் பெயிண்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கூரை முழுக்கக் குழல்விளக்கு எரியும் நீளக் கூடத்தில் நின்றுகொண்டு, நகர்ந்து வருகிற வண்டிகளின் உடம்பில் கடுகளவு குமிழி இருந்தாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். நோவிக்கி கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஆலையில் பேர். அந்தப் பேரை மற்றவர்கள் சொன்னதைவிட அவர் சொன்னதுதான் அதிகம்.

"ஆலை போட்ட பெயிண்டுக்கு மேல மெழுகு தடவுறவன் எங்க வேலைய நம்பாதவன்" என்பார். அந்த ஊர் ஆலைக்காரர்கள் பலருக்கும் இதே கொள்கைதான். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கௌரவமான பெயர் வேறு ஊரில் கிடைக்காது.

அவருடைய கருநீல வண்டி அந்த ஆலையிலேயே செய்தது. விளக்குக் கூடத்தில் அவரே பார்த்து, தேறியது என்று அனுப்பிய வண்டி. நவம்பர் மாத நன்றி விருந்தில் வான்கோழியை வெட்டுவதற்கு முன் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் அவர் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார். "இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா? ஏன் இல்ல? சாவி என் பாக்கெட்ல இருக்கு" என்று மனைவி லோர்னாவையும் மகள் கெல்சியையும் பார்த்துச் சொல்வார். இரண்டு பேரும் தட்டைப் பார்ப்பார்கள். அது மரியாதை என்று வெர்ன் நினைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு கிளென் காப்பீட்டுக் கம்பெனிக்காரர். சிவப்பு நிறத்தில், கூரை திறக்கிற வண்டி ஒன்று வைத்திருந்தார். சனிக்கிழமை ஆனால் வாளி, ஸ்பாஞ்சு, மெத்துத் துணியோடு வாசலில் இறங்கிவிடுவார். வெர்ன் தன் புல்வெளியில் நின்றுகொண்டு, "என்னய்யா, பிள்ளைக்குப் பவுடர் போட்டாச்சா?" என்று கத்துவார். கிளென் சிரித்துக்கொண்டே தேய்ப்பார்.

கெல்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அடுத்த சனிக்கிழமை தேவாலயத்தில் என்று ஆனது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளிடம் வெர்ன், "எத்தன மணிக்கு வண்டிய எடுக்கணும்?" என்று கேட்டார். பெண்ணை அப்பாதானே கூட்டிப்போக வேண்டும்.

கெல்சி உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினாள். "கிளென் அங்கிள் வண்டில வர்றேன்னு சொல்லிட்டேம்ப்பா. நீ அம்மாவோட பின்னாடி வந்துடு."

"நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

"அது... அவ்வளவு பளபளன்னு இல்லப்பா."

வெர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பெற்ற பெண்ணைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போகும் உரிமை பக்கத்து வீட்டுக்காரனுக்கு, அதுவும் பவுடர் போட்ட வண்டிக்கு! பளபளப்புதான் குறையென்றால் அதைச் சரிசெய்து அவளைத் தன் வண்டியில் ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார். குறை என்று யாராவது சொன்னால் அதைச் சாக்கட்டியால் வட்டம் போடக்கூடிய குறை என்று மட்டுமே அவருக்குப் புரியும்.

மறுநாள் இரண்டு ஊர் தாண்டிப்போய்ச் சாமான் வாங்கினார். உள்ளூர்க் கடையில் வாங்கினால் ஆலை ஆட்கள் பார்த்துவிடுவார்கள். வண்டிக்குத் தேய்க்கிற களிமண் கட்டி, அதற்கு வழுக்கலாகத் தெளிக்கிற திரவம், ஒரு டப்பா மெழுகு, ஒரு கட்டுத் துணி. கல்லாவில் இருந்த பெண் ஒன்றுமே கேட்கவில்லை. இவராகவே, "என் மச்சானுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து, வண்டியைக் கழுவி கராஜுக்குள் விட்டு, ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். கட்டியோடு வந்த தாளில், கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வண்டியைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தது. அடுக்களையிலிருந்து சாண்ட்விச் பை ஒன்றை எடுத்துவந்து, 'சின்னப்பிள்ளை விளையாட்டு' என்று முனகிக்கொண்டே பானெட்டைத் தடவினார். அப்படியே நின்றுவிட்டார். ரவையைக் கொட்டி வைத்ததுபோல் நறநறவென்று இருந்தது. முப்பது வருஷத்துக் கண்ணுக்குத் தெரியாதது ஒரு சாண்ட்விச் பைக்குத் தெரிந்துவிட்டது.

கட்டியைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து வடை மாதிரித் தட்டினார். திரவத்தைத் தெளித்து, கட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினார். முதலில் கரகரவென்று இழுத்தது, பிறகு சத்தம் குறைந்து, கடைசியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. திருப்பிப் பார்த்தால் கட்டியின் முகம் முழுக்கத் துருநிற அழுக்கு. ஆலைப் பக்கத்துக் காற்றில் வந்து ஒட்டிய இரும்புத்தூள். அதுவும் தங்கள் தயாரிப்புதான் என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை. கட்டியை மடித்துச் சுத்தமான முகத்தை வெளியே எடுத்து மேலே தேய்த்தார். ஒரு பக்கம் முடிந்ததும் தடவிப் பார்த்தபோது, சொல்லக்கூடாது, அவருக்கு ஆனந்தமாக இருந்தது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு ஷூக்கள் வந்து நின்றன.

"வெர்ன்? உள்ள என்னமோ பீச்சுற சத்தம் கேக்குது."

"குழாய் ஒழுகுது."

"ஒழுகுற தண்ணி பழ வாசன அடிக்குதேய்யா."

வெர்ன் தெளிப்பானைக் கீழே வைத்தார். ஷூக்கள் போகவில்லை.

"கோச்சுக்காத, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்" என்றார் கிளென். "கட்டி கீழ விழுந்துச்சுன்னா தூக்கிப் போட்டுரு. மண்ணோட தேச்சா கீறிடும்."

"பெயிண்டப் பத்தி எனக்கு நீ சொல்ல வந்துட்டியாக்கும். போய்யா."

"சரி சரி. அப்புறம் அந்த வலப்பக்கத்துப் பின்கதவ ரொம்ப அழுத்தித் தேய்க்காத."

"ஏன், அதுக்கு மட்டும் என்ன?"

ஷூக்கள் ஓர் அடி பின்வாங்கின. "சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டன.

அவர் போன கையோடு கட்டி வெர்ன் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. கராஜில் தன்னைத் தவிர யாருமில்லை என்று தெரிந்தும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் பழைய செய்தித்தாளுக்கு அடியில் புதைத்தார். மிச்சமிருந்த கட்டியைப் பிசைந்துகொண்டு நேராக வலப்பக்கத்துப் பின்கதவுக்குப் போனார். அழுத்தித் தேய்க்காதே என்று சொன்னால் எவன் அழுத்தாமல் இருப்பான்?

கதவு வழுக்கியது. ஆனால் ஜன்னலைச் சுற்றியிருந்த ரப்பரின் ஓரத்தில் கட்டி இழுத்தது. திருப்பிப் பார்த்தார். பொடிப்பொடியாக நீலம். கதவின் குறுக்கே ஓடிய வெள்ளிநிறப் பட்டையின் விளிம்பில் தேய்த்தார். அங்கேயும் நீலம்.

வெர்னுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆலையில் முதலில் பெயிண்ட், அப்புறம்தான் கண்ணாடி, ரப்பர் எல்லாம். ரப்பரின் மேல் பெயிண்ட் இருக்கிறதென்றால் வண்டி வெளியே போன பிறகு எவனோ அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல வழவழப்பு. இந்தக் கதவில் மட்டும் ஆரஞ்சுத் தோல் போல மெல்லிய சொரசொரப்பு, நீலத்திலும் ஒரு பிடி தூக்கல். இத்தனை வருஷ அழுக்கு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த அழுக்கை இப்போது தன் கையாலேயே வழித்து எடுத்திருந்தார்.

ஷட்டரைத் தூக்கிவிட்டு, "லோர்னா!" என்று கத்தினார்.

பாத்திரம் துடைக்கிற துணியோடு வந்த லோர்னா கதவைப் பார்த்தாள், டார்ச்சைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சுருச்சா?" என்றாள்.

"யாரு?"

"கெல்சிதான். அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தா, லைசென்ஸ் புதுசு. நீ ஆலைக்காரங்க வண்டில மான் வேட்டைக்கு வடக்க போயிருந்த, சாவி வீட்டுலதான் இருந்துச்சு. எனக்கு அனலாக் கொதிக்குது காய்ச்சல். மருந்து வாங்கிட்டு வர்றேன்னு எடுத்துட்டுப் போனா. மருந்துக் கடை ஓரத்துல ஒரு இரும்புக் கம்பம் இருக்குல்ல, திரும்புறப்ப அதுல இடிச்சுட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீ மானோட வந்து எறங்குன. வண்டியச் சுத்தி ஒரு நடை நடந்த. 'பாத்தியா, நேத்து ஆலையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு'ன்ன. பெயிண்ட் வாசனகூடப் போகலய்யா அப்ப! அடுத்த வாரமே வான்கோழி முன்னாடி பிரசங்கம். அந்தப் புள்ள கண்ணுல தண்ணி முட்டிட்டு உக்காந்திருந்தா."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

லோர்னா யோசித்தாள். "யாருக்குத் தெரியாதுன்னு கேளு. சீக்கிரம் முடியும்."

"பெயிண்ட் அடிக்க யார் கொண்டுபோனது?"

"கிளென்தான். அவ இடிச்சுட்டு நேரா அவர் வீட்டுக்குத்தான் அழுதுட்டே ஓடினா. அவருக்குத் தெரிஞ்ச டிங்கரிங் பட்டறை. நீ வர்றதுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுட்டார்." துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "அதுக்குத்தான் அவ இதுல வரமாட்டேங்கறா. பளபளப்பு இல்லையாம், பளபளப்பு! சும்மா வாய்க்கு வந்தத சொன்னா. அன்னிலேர்ந்து அந்தக் கதவத் திறந்து அவ ஏறி நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அது அவர் கண்ணில் பட்டதும் இல்லை.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். முதலில் கிளென் மேல் கோபம், அப்புறம் பட்டறைக்காரன் மேல். ரப்பரை மறைத்து டேப் ஒட்டத் துப்பில்லாதவன். ஆனால் எந்தக் கோபமும் நிற்கவில்லை. வண்டியை இடித்துவிட்டு அழுத பெண் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள், தன் அப்பா திரும்பி வந்துவிடுவாரே என்று பயந்திருக்கிறாள். அதை நினைத்தபோது நெஞ்சு வலித்தது. வெட்கமாகவும் இருந்தது.

செய்வதற்கு வேறொன்றும் தெரியாததால் மெழுகை எடுத்தார். மெல்லிசாகப் பூசு என்று டப்பாவில் எழுதியிருந்தது. அவரோ ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல அப்பினார். அது காய்ந்து வெள்ளையாக இறுகிப்போனது. அதைத் துடைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் வண்டி மின்னியது. மின்ன மின்ன அந்த ஒரு கதவு தனியாகத் தெரிந்தது. இப்போது அதைப் பார்க்கப் பரிசோதகர் வேண்டாம், தெருவில் போகிற யாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கெல்சி வந்தபோது வண்டி வாசலில், சாய்ந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவள் நடந்து வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

வெர்ன் பேசவேண்டியதை மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். எல்லாம் மறந்துவிட்டது. "நல்ல வேலைதான்" என்றார். "டேப் மட்டும் சரியா ஒட்டல."

"அப்பா, நான் சொல்லணும்னுதான்..."

"சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

கெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு வரைக்கும் அதையே பேசிட்டிருந்திருப்ப."

"ஆமா" என்றார் வெர்ன். உண்மைதானே. பிறகு, "சனிக்கிழம இதுல வர்றியாம்மா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் ஒரு விஷயத்தை உத்தரவாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

கெல்சி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். பின்கதவின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். "வர்றேன். ஆனா நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உக்காந்துட்டு வாயத் திறக்கக் கூடாது."

அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் லோர்னா சிரிக்கிற சத்தம் கேட்டது. வெர்ன் கை பாக்கெட்டுக்குள் போனது. போன வேகத்தில் திரும்பி வரவில்லை. ஆனாலும் சாவியோடுதான் வந்தது.

சனிக்கிழமை காலையில் புல்வெளி நிறையச் சொந்தக்காரர்கள். கிளென் கோட்டு சூட்டோடு, லோர்னாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வரத் தயாராக நின்றார். கெல்சி வெள்ளை அங்கியை மடியில் சுருட்டிக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெர்ன் பக்கத்தில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பல்டாக்டரிடம் வந்தவர் மாதிரி இருந்தார். அவள் ரிவர்ஸ் போட்டாள். 'ஸ்டீயரிங்க இடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஒடி' என்று அவர் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

தெருவோரத்தில் நட்டிருந்த அவர்கள் வீட்டுத் தபால்பெட்டிக் கம்பத்தில் வண்டியின் வலப்பக்கம் கர்ர்ரென்று உரசி நின்றது.

புல்வெளியில் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை, எல்லோரும் வெர்னைப் பார்த்தார்கள். கெல்சியின் விரல்கள் ஸ்டீயரிங்கில் உறைந்திருந்தன. "அப்பா" என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில்.

எந்த இடம், எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று சத்தத்தை வைத்தே வெர்னால் சொல்லிவிட முடியும். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "நீ எடும்மா, நேரமாச்சு."