அரைக்கால் இஞ்ச்

அரையும் காலும் முக்கால்தானே? பிறகு ஏன் இவர் என்னை இப்படிப் பார்க்கிறார்?

தையல் கம்பெனியின் வெட்டு மேசைமேல் முப்பது காலர் துண்டுகள் கிடந்தன. எல்லாம் அவள் காலையில் வெட்டியவை. கட்டிங் மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது என்னம்மா, காலரா, நாடாவா? ஓரத்துல அரைக்கால் இஞ்ச் நறுக்குன்னுதானே சொன்னேன்?”

“அதான் மாஸ்டர்... அரையும் காலும். முக்கால் இஞ்ச் நறுக்கினேன்.”

பட்டன் தைப்பவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“நல்லவேளை, அரைக்கால் சட்டை தைக்கச் சொல்லல. முழங்காலைத் தாண்டியிருக்கும்” என்றாள், அங்கேயே வேலை பார்க்கும் அவள் அண்ணி. பட்டன் பக்கத்திலிருந்து இவளை வெட்டு மேசைக்குச் சிபாரிசு செய்தவளே அவள்தான். கேலிக்குள் கோபம் இருந்தது.

மாஸ்டர் டேப்பில் ஒரு சின்னக் கோட்டைத் தொட்டார். “அரையும் காலும் இல்லம்மா. காலுல பாதி. எட்டுல ஒண்ணு.”

எட்டு. பள்ளியிலும் இந்த இடத்தில்தான் வழுக்கியது. எட்டு நான்கைவிடப் பெரியது. அப்புறம் எட்டில் ஒன்று எப்படி நான்கில் ஒன்றைவிடச் சின்னதாகும்? அன்று கேட்கவில்லை. தெரியாது என்று சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபம். நான்கு நாளுக்கு முன் மாஸ்டர் “டேப் பார்க்கத் தெரியுமா?” என்றபோதும் அந்தத் தலை தானாக ஆடியது. கெட்டுப்போன துணியைவிட, அந்தப் பொய்தான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. சரியாக ஒரு இஞ்ச் அகலத்துக்குக் காகிதம் வெட்டி மடித்தாள். ஒரு மடிப்பு, இரண்டு பங்கு. இன்னொன்று, நான்கு. மூன்றாவது மடிப்பை நகத்தால் அழுத்தினாள். விரித்து எண்ணினாள்: எட்டு. எட்டும் அதே ஒரு இஞ்சுக்குள். கோடுகள் கூடக்கூடப் பங்கு ஒல்லியாகிக்கொண்டே போயிருந்தது.

எட்டுப் பேர் வந்தால் ஆளுக்குக் குறையத்தானே செய்யும். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்? மகிழ்ச்சி வரவில்லை. அழுகைதான் வந்தது.

திரும்பி வந்த மாஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டார். “முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். கத்தரியை வெச்சிட்டு பழையபடி பட்டனுக்கே போயிடும்மா. கணக்கு எல்லாருக்கும் வராது.”

“போடி, அதான் மரியாதையா சொல்றாரே” என்றாள் அண்ணி.

அவள் அடுத்த துணியை மேசையில் விரித்தாள்.

“இல்ல மாஸ்டர். டேப் பார்க்கத் தெரியும்னு அன்னைக்குப் பொய் சொன்னேன். இந்த முப்பதையும் நானே திரும்ப வெட்டித் தரேன். பட்டனுக்குப் போகல.”