நாடா தீரும்வரை

அன்று மதியம் அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குளியலறை வாசலில் வந்து நின்றேன். வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் நுரை. கண்ணாடி வழியாகப் பார்த்து, "துண்டு" என்றார். கொடுத்தேன். அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான்.

கொடுத்த கையோடு கேட்டேன். "இன்னிக்கும் ஒலிப்பதிவா?"

"ஆமா."

"எட்டு மாசமா தினம் ஒலிப்பதிவு. இசைத்தட்டு ஒண்ணையும் காணோமே."

"வரும்."

"இசைத்தட்டு வருமா, இல்ல வேற யாராவது வருவாங்களா?"

சவரக்கத்தி நின்றது. "உனக்கு இப்போ என்ன வேணும்?"

"உண்மை."

அவர் நுரையைத் துண்டால் வழித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கன்னம் மட்டும் மழித்த முகத்தோடு வெளியே போய்விட்டார். ஐந்து மணிக்கு இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து தொலைபேசி. ஒலிப்பதிவுக்கூடத்து மாடிப்படியில் மாரடைப்பு, போய்விட்டார் என்றார்கள்.

போய்விட்டார் என்பதை நம்பினேன். மாடிப்படி என்பதை நம்பவில்லை.

அந்தக் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். அவருடைய மேடைக் கோட்டுகளைத் தைத்தவள். அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய கோட்டுப் பையில் இரண்டு குண்டூசிகள் கிடைத்தன. நீளமான, தலையில் மணி வைத்த தையல் குண்டூசிகள். கேட்டதற்கு, "அது எதுக்கோ வெச்சது" என்றார். செத்தவரைப் பின்தெருவிலிருந்து தூக்கி வந்து படியில் கிடத்த எத்தனை பேர் வேண்டும்? இரண்டு பேர் போதும். அடக்கத்தன்று, வந்தவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லச் சொல்ல, இந்தக் கணக்கைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை எல்லாரும் பாட்டுக்காரர் என்றே சொல்வார்கள். ஓர் ஓட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில், வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று பாடத் தொடங்கியவர். அவருக்கு முந்தியவர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து பாடினார்கள். இவர் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் உதட்டை வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவளிடம் ரகசியம் பேசுவதுபோலப் பாடினார். "மின்சாரம் போனா இந்த ஆள் ஊமை" என்று மூத்த பாடகர் ஒருவர் கேலி செய்தார். ஒருமுறை நிஜமாகவே மின்சாரம் போனது. கூட்டம் எழுந்து மேடையைச் சுற்றி வந்து மூச்சுக் காட்டாமல் நின்று கேட்டது. மறுநாள் செய்தித்தாளில் அதுதான். ஆறு வருடத்தில் நாற்பத்திரண்டு இசைத்தட்டுகள்.

நான் அந்தக் கம்பெனியில் ரசிகர் கடிதப் பிரிவில் இருந்தேன். அவருக்கு வரும் கடிதங்களுக்கு அவர் பெயரில் பதில் எழுதுவது என் வேலை. ஒருநாள் அவரே என் மேசைக்கு வந்தார்.

"என் கடிதமெல்லாம் நீங்கதான் எழுதறீங்களாமே. நாலஞ்சு படிச்சுப் பார்த்தேன். நான் இவ்வளவு நல்லவன்னு எனக்கே தெரியாது."

"எனக்கும் தெரியாது சார். சம்பளத்துக்கு எழுதறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் தட்டச்சுக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் திருமணம். முதல் மனைவி அதற்கு முன்பே ஒரு பெட்டியோடு பிரிந்து போயிருந்தார். ஏன் என்று இவரைக் கேட்டால் "குடி" என்பார். மற்றவர்களைக் கேட்டால் "பொம்பளை" என்பார்கள். இரண்டுமே உண்மை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. குடியை நான்காம் வருடம் விட்டார். மற்றதையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். "உங்கள் அன்பு என்றும் என் நெஞ்சில்" என்று ஒரு நாளைக்கு முப்பது பெண்களுக்கு அவர் பெயரில் தட்டச்சு செய்தவள் நான். அதே மாதிரி ஒன்றை அவர் வாய்விட்டு என்னிடம் சொன்னால் எப்படி நம்புவது? கோட்டுப் பையைத் துழாவினேன். கைக்குட்டையை முகர்ந்தேன். தொலைபேசி வந்தால் முதலில் நான் எடுத்தேன்.

குரல் போய்க்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். கடைசி இரண்டு வருடம் அவர் வீட்டில் பாடவே இல்லை. எப்போதாவது குளியலறையில், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு வரியை முயன்று பார்ப்பார். வரியின் கடைசிச் சொல்லுக்குப் போகும்முன் குரல் கரகரத்து உடைந்துவிடும். சட்டென்று குழாயை இன்னும் பெரிதாகத் திறப்பார். நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டுவேன். கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அடக்கத்தில் என்னைவிட அதிகமாக அழுதவர் கார்பன். பாட்டுக்காரரைப் போலவே பாடி வயிறு வளர்த்து, அதனால் அந்தப் பட்டப்பெயர் பெற்ற மேடைக் கலைஞர். அசலைவிட மூன்று வயது மூத்த நகல். "முதல்ல பிறந்தவன் நான். அவர்தான் என் நகல்" என்று மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, என் கணவர் குரலில், "சாப்பிட வர நேரமாகும், நீ சாப்பிட்டுடு" என்றார். நான் ஏமாந்து சாப்பிட்டுவிட்டேன். பசியோடு வந்த அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தொலைபேசியில் யார் பேசினாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

பத்தொன்பது வருடம் போயிற்று. கம்பெனி மூடப்பட்டு, அதன் கிடங்கில் இருந்த ஒலிநாடாக்கள் வானொலி நிலையத்துக்குப் போயின. இந்த வருட ஆரம்பத்தில் அங்கிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்தார். மேசைமேல் ஒரு நாடா இயந்திரத்தைத் தூக்கி வைத்தார். வெளிவராத எட்டுப் பாட்டுகள் கிடைத்திருக்கின்றன; பெட்டிகளில் பாட்டுக்காரர் பெயர்; தேதிகள் எல்லாம் அவருடைய கடைசி எட்டு மாதம். கடைசிப் பெட்டியில் அவர் இறந்த தேதி.

"உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்மா. இது அவர் குரல்தான்னு. ஒரு சம்பிரதாயம்."

"தேதியை யார் வேணும்னாலும் எழுதலாமே."

"அதனாலதான் அந்தக் கார்பன்கிற பெரியவரையும் தேடிப் பிடிச்சுக் கேட்டோம். அவர்தான்னு அடிச்சுச் சொல்றார்."

"அப்போ எனக்கு ரெண்டு மடங்கு சந்தேகம். போடுங்க, கேட்போம்."

போட்டார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நல்ல பாட்டுகள். ஒவ்வொரு வரியும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, கடைசிச் சொல்லில் நின்று, தேய்ந்து மறைந்தது. தயாரிப்பாளர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். நான் மூடவில்லை.

"இது அவர் இல்ல."

"எப்படிம்மா சொல்றீங்க? எவ்வளவு அழகா இருக்கு!"

"அதான் சொல்றேன். அவருக்கு அப்போ இவ்வளவு அழகா வராது. இது அவரோட பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த குரல்."

தயாரிப்பாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அப்படியென்றால் மதியங்களில் என் கணவர் எங்கே போனார்? பின்தெரு எனக்குள் மறுபடி வந்து நின்றது. கடைசிப் பாட்டு முடிந்ததும் தயாரிப்பாளர் இயந்திரத்தை நிறுத்தக் கை நீட்டினார். நான் தடுத்தேன்.

"ஓடட்டும்."

"வெறும் நாடாம்மா இது. நாங்க எப்பவும் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுவோம்."

"தீரும்வரை ஓடட்டும். எனக்கு எதையும் பாதியில விட்டுப் பழக்கமில்ல."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் நாற்காலி இழுபட்டது. கரகரத்த ஒரு குரல், "கடைசி வரியில அழாதய்யா. நான் என்னிக்காவது அழுதிருக்கேனா? லேசா சிரிச்சுட்டு விட்டுடு, கேக்கறவங்க அழுதுக்கட்டும்" என்றது.

என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில் கேட்ட அதே கரகரப்பு.

"சரிப்பா," என்றது கார்பனின் குரல். "அது என்ன, ஒரு பக்கம் மட்டும் சவரம்?"

"வீட்ல கேள்வி கேட்டாங்க. பதில் வரல, ஓடி வந்துட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"எங்க போறேன்னு. எவகிட்டயோ போறேன்னு நினைக்கிறா."

"அடப்பாவி! சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"எதை? அவ கட்டிக்கிட்டது பாட்டை. அது போச்சு, இப்போ இன்னொருத்தனை வெச்சுப் பாட வைக்கிறேன்னு எந்த வாயால சொல்றது? பொம்பளைன்னே நினைச்சுக்கட்டும். அது எவ்வளவோ தேவல."

"தங்கச்சி உன்னைக் கொல்லப் போகுது, பாரு."

"முழுசா சவரம் பண்ணிட்டுக் கொல்லச் சொல்லு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் நாடாவைத் திருப்பிப் போடச் சொல்லி அந்தச் சிரிப்பை நான்கு முறை கேட்டேன். கார்பன் இரண்டு குரலிலும் மாறி மாறிப் பேசியிருக்கலாம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு சிரிப்பு வராது. பிறகு, "தேநீர் குடிச்சிட்டு வரேன்" என்றார் அவர். கதவுச் சத்தம். கொஞ்சம் இரைச்சல். நாடா தீர்ந்து சக்கரம் சும்மா சுற்றியது.

தயாரிப்பாளர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். நல்ல மனிதர்.

மறுநாள் கார்பனைப் பார்க்கப் போனேன். ரயில் நிலையத்தில், வண்டிகள் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை அவருக்கு. கண்ணாடி அறைக்குள் பட்டன் வைத்த சின்ன மைக். அதில் பேசிக்கொண்டிருந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாத, கொஞ்சம் மூக்கடைத்த குரல். அதுதான் அவருடைய சொந்தக் குரல்.

"வாங்க தங்கச்சி," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பாட்டு உங்களோடது. நாடாவைக் கடைசி வரைக்கும் கேட்டேன்."

அவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார். "யாருக்கும் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டார். முக்கியமா உங்களுக்கு. சத்தியம் வாங்கிட்டார்."

"குண்டூசி எதுக்கு?"

"என்ன குண்டூசி?"

"அவர் பையில இருந்தது. தையல் குண்டூசி."

யோசித்தார். "ஓ. பாட்டுத் தாளைக் கையில பிடிச்சா சரசரன்னு மைக்ல விழும். ஒரு பலகையில துணி சுத்தி, அதுல தாளைக் குத்தி வெப்போம். அந்தப் பின்தெரு தையல்காரிகிட்டதான் வாங்கிட்டு வருவார்."

"அவ கடைக்குப் போய்?"

"கடைக்குப் போகாம குண்டூசி பறந்து வருமா, தங்கச்சி?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அதற்குமேலும் ஏதாவது இருந்திருக்கலாம். இருந்தாலும் அவர் மாடிப்படியில்தான் இறந்தார். தேநீருக்காக இறங்கும்போது. பின்னாலேயே ஓடிப்போய்த் தலையை மடியில் தாங்கியவர் கார்பன். அதை அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"அவர்தான்னு கையெழுத்துப் போட்டுடுங்க. அவர் ஆசைப்பட்டதும் அதுதானே?" என்றார்.

"போட மாட்டேன்."

"ஏன்?"

"குரல் போனது எனக்குத் தெரியும். கடைசி ரெண்டு வருஷமும் தெரியும். தெரிஞ்சுதான் அவருக்குச் சோறு போட்டேன், தெரிஞ்சுதான் சண்டையும் போட்டேன். இப்போ இது அவர் குரல்தான்னு எழுதிக் கொடுத்தா, நான் கட்டிக்கிட்டது பாட்டைத்தான்னு அவர் சொன்னது சரின்னு ஆயிடும். அந்த மனுஷனைத்தான் கட்டிக்கிட்டேன். அதை அவர்கிட்டச் சொல்ல நேரம் கிடைக்கல. காகிதத்துலயாவது சொல்றேன்."

கார்பன் பட்டனை அழுத்தி ஒரு வண்டி தாமதம் என்று அறிவித்தார். அறிவித்து முடித்துவிட்டு, "அவர் இதைக் கேட்டிருக்கணும்" என்றார்.

தயாரிப்பாளரின் படிவத்தில் எழுதினேன்: பாடியவர் கார்பன். சொல்லிக்கொடுத்தவர் என் கணவர். தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நிகழ்ச்சியே போச்சும்மா" என்றார். ஆனாலும் நேர்மையான ஆள். நான் எழுதியபடியே அறிவித்துவிட்டு, எட்டுப் பாட்டையும் ஒலிபரப்பினார்கள். நாடாவின் கடைசியில் இருந்த பேச்சை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது யார் காதுக்கும் இல்லை.

யாரும் நம்பவில்லை. நிலையத்துத் தொலைபேசி மூன்று நாள் ஓயவில்லையாம். மருந்து வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்களை யாராவது மிரட்டி எழுதி வாங்கினாங்களாம்மா?"

"இல்லையே."

"அப்போ அந்தக் கார்பன் ஆள் ஏமாத்தியிருக்கணும். முப்பது வருஷமா கேக்கறேன், அவர் குரலை எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி வரியை முடிக்க வேற எவனுக்கு வரும்?"

"நான் அவர் மனைவிங்க."

"அதுக்கென்னம்மா, வீட்ல இருக்கறவங்களுக்கு அருமை தெரியாது" என்று பரிவோடு சொல்லி, மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். வெளியே வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்; கோட்டுப் பையைத் துழாவியவள் நான்.

அவர்கள் என்ன நினைத்தாலும் சரி. அந்த எட்டில் ஒரு பாட்டைக்கூட அவர் பாடவில்லை.